பையைப் பார்த்துக்கொள்கிறவர்

டிசம்பர் பிறந்தால் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு ஊரிலிருந்து விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். ஹவுரா மெயிலிலோ கோரமண்டலிலோ ஏறி, 1,600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து இறங்குகிறவர்கள், காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம் என்று முதல் நாளிலேயே புண்ணியக் கணக்கை முடித்துவிடுவார்கள். இரண்டாம் நாள் காபி ஆறுவதற்குள் கேள்வி வந்துவிடும். "பசங்களுக்கு ஏதாவது காட்டணுமே. நிக்கோ பார்க்கா, சயின்ஸ் சிட்டியா, அந்த ஈகோ பார்க்கா?"

பல வருஷமாக இதற்குப் பதில் சொல்லி வருகிறேன். முன்பெல்லாம் குழந்தைகளின் வயதைக் கேட்பேன். அப்புறம் எவ்வளவு செலவழிக்க நினைக்கிறார்கள் என்று கேட்பேன். இப்போது நான் கேட்பது வேறு: "பையை யார் பாத்துக்கப் போறாங்க?" வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு எல்லோருடைய கண்ணும் ஒரே ஆளிடம் போய் நிற்கும். அது பாட்டியாக இருக்கும். சில வீடுகளில் மாசமாக இருக்கும் மருமகள், முதுகுவலிக்கார அப்பா, உயரம் என்றாலே தலை சுற்றும் அத்தை. ஆறு ஜோடிச் செருப்பு, தண்ணீர் பாட்டில், கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி, ஸ்வெட்டர், எல்லோருடைய செல்போன், இத்தனையையும் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். எந்தப் பூங்காவின் விளம்பரப் படத்திலும் அவர் இருக்கமாட்டார். ஆனால் அன்றைய நாள் எப்படிப் போயிற்று என்பதை, மாலையில் வீடு திரும்பும்போது அவர் முகம்தான் சொல்லும்.

இது என் வீட்டுப் புலம்பல் மட்டும் இல்லை. தீம் பார்க் என்ற யோசனையே ஒரு பெஞ்சில் பிறந்ததுதான். வால்ட் டிஸ்னி ஞாயிற்றுக்கிழமைகளில் தன் இரண்டு பெண்களையும் லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பூங்காவுக்குக் கூட்டிப் போவாராம். அவர்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருந்தால் என்ன என்று அங்கேதான் தோன்றியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படி வந்தது 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்ட். ஆக, பை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அப்பாவின் அலுப்புதான் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இந்தத் தொழிலுக்கு வித்து. அதன் வாரிசுகளில் பல அந்தப் பெஞ்சை மறந்துவிட்டன என்பது வேறு விஷயம்.

கொல்கத்தாவில் 'தீம்' என்ற சொல்லுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஊர்க்காரரிடம் தீம் என்றால் அவருக்கு நினைவு வருவது துர்கா பூஜைப் பந்தல்தான். லேக் டவுனில் உள்ள ஸ்ரீபூமி ஸ்போர்ட்டிங் கிளப் 2021இல் துபாயின் புர்ஜ் கலீஃபாவைப் பந்தலாக எழுப்பியது. கூட்டம் தாங்காமல் அதைப் பாதியில் மூட வேண்டி வந்தது. 2023இல் அதே கிளப் எடுத்துக்கொண்ட கருப்பொருள் டிஸ்னிலேண்ட். பிளைவுட்டும் துணியும் விளக்குமாக ஒரு கோட்டை, உள்ளே அம்பாள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய இந்தத் திருவிழா, உண்மையில் ஆண்டுக்கு ஐந்து இரவு மட்டும் திறந்திருக்கும் மாபெரும் இலவசத் தீம் பார்க். மற்ற 360 நாளும் காசு வாங்கிக்கொண்டு திறந்திருக்கும் பூங்காக்கள் இதனோடு போட்டி போட்டாக வேண்டும்.

அந்தப் பூங்காக்கள் எல்லாம் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருப்பது தற்செயல் இல்லை. மேற்கே ஹூக்ளி. வடக்கும் தெற்கும் பழைய வீடுகளால் நிரம்பிவிட்டன. கிழக்கே மட்டும்தான் உவர் ஏரிகளும் மீன் பண்ணைகளும் குப்பை மேடுகளுமாக இடம் கிடந்தது. 1960களில் ஆற்று வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி சால்ட் லேக்கை நிலமாக்கினார்கள். அதன் விளிம்பில் நிக்கோ பார்க். நகரத்துக் குப்பை கொட்டிய நிலத்தின் மேல் சயின்ஸ் சிட்டி. இன்னும் வடகிழக்கே நியூ டவுனில் ஈகோ பார்க். மிச்சமிருக்கும் சதுப்பு நிலத்தில் 12,500 ஹெக்டேர் 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து தப்பித்தது. ராட்டினத்தின் உச்சியில் இருந்து பார்க்கும்போது தெரியும் அந்தப் பச்சையும் தண்ணீரும்தான் கொல்கத்தாவின் சாக்கடையை இன்றும் சுத்திகரித்துக்கொண்டிருக்கின்றன.

நிக்கோ பார்க் 1991 அக்டோபர் 13 அன்று, பூஜையை ஒட்டித் திறந்தது. நிக்கோ நிறுவனமும் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தும் கூட்டுத் துறைப் பூங்கா. இடதுசாரி அரசு ஆண்ட காலத்தில் தனியாரும் அரசும் கைகோத்து ராட்டினம் விட்டார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சுமார் 40 ஏக்கர். மரங்கள் வளர்ந்து நிழல் கட்டிவிட்டது. புதுப் பூங்காக்கள் எத்தனை கோடி கொட்டினாலும் உடனே வாங்க முடியாத சொத்து இது. பொம்மை ரயில், ரோப் கார், படகு ஏறி இருட்டுக் குகைக்குள் போகும் ரிவர் கேவ்ஸ், காட்சிக்கு வைத்திருக்கும் மிக்-21 விமானம் என்று பாட்டியும் ஏறக்கூடிய, பார்க்கக்கூடிய சங்கதிகள் இங்கே கணிசம். ரிவர் கேவ்ஸ் என்ற பெயர் இங்கிலாந்தின் பிளாக்பூலில் 1905இல் வந்த சவாரியின் பெயர். நூறு வருஷம் தாண்டியும் இந்த வகைச் சவாரி பிழைத்திருக்கக் காரணம், அதில் மூன்று தலைமுறையும் ஒரே படகில் உட்காரலாம் என்பதுதான்.

ஆனால் நிக்கோ பார்க்கை மற்ற இந்தியப் பூங்காக்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது 2003இல் வந்த சைக்ளோன். மரத்தாலான ரோலர் கோஸ்டர். நம் நாட்டில் பார்க்கும் கோஸ்டர்களெல்லாம் இரும்புக் குழாய்த் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுபவை. அந்தக் குழாய்த் தண்டவாளத்தை 1959இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் சவாரிதான் முதலில் கொண்டுவந்தது. மரக் கோஸ்டர் அதற்கு முந்தைய பரம்பரை. சங்கிலி இழுத்து மேலே கொண்டுபோகும்போது கடகடவென்று ஒரு சத்தம் வருமே, அது வண்டி பின்னால் சரியாமல் பல்லில் கொக்கி விழும் சத்தம். உச்சிக்குப் போன பிறகு மோட்டார் கிடையாது, மிச்சமெல்லாம் புவியீர்ப்பு. மரச்சட்டம் அசைந்து கொடுப்பதால் உடம்பு குலுங்கும். அந்தக் குலுக்கல்தான் ருசி என்று கோஸ்டர் பைத்தியங்கள் சொல்வார்கள். வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பாதபடி அடியிலும் சக்கரம் வைக்கும் முறைக்கு அமெரிக்காவின் ஜான் மில்லர் 1919இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னால் ஏறியவர்களின் தைரியத்தை மெச்ச வேண்டும். மரம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சுருங்கி விரிவது. வங்காளத்தின் புழுக்கத்தில் அதைச் சீராக வைத்திருப்பது தச்சரும் பொறியாளரும் ஓயாமல் பார்க்கும் வேலை. அதனால் பராமரிப்புக்காக மூடியிருக்கும் நாளும் உண்டு. அதற்காகவே வருகிறவர்கள் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1927 முதல் ஓடும் புகழ்பெற்ற மரக் கோஸ்டருக்கும் சைக்ளோன் என்றுதான் பெயர். அதைப் பார்த்து வைத்த பெயர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் 'சைக்ளோன்' என்ற சொல்லே கல்கத்தாவில் பிறந்தது. இங்கே கடல் விபத்து விசாரணை மன்றத்தின் தலைவராக இருந்த ஹென்றி பிடிங்டன், பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கி, 1848இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் பரப்பினார். சொல் அமெரிக்கா போய், ராட்டினத்தின் பெயராக ஊர் திரும்பியிருக்கிறது. 2020 மே 20 அன்று அம்பன் புயல் அடித்த இரவை இங்கே கழித்தவர்களுக்கு அந்தப் பெயரில் விளையாட்டு அவ்வளவாகத் தெரியாது.

இதெல்லாம் ஏறுகிறவர்களின் கதை. பெஞ்சின் பக்கம் வருவோம். ஒரு சவாரியில் 20 பேர், ஏற்றி இறக்கி ஓட்டி முடிக்க 4 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 300 பேர்தான் போக முடியும். உங்களுக்கு முன்னால் 150 பேர் நின்றால் அரை மணி நேரம். டிசம்பர் 25ஆம் தேதியும் ஜனவரி 1ஆம் தேதியும் இதைப் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கப் பூங்காவில் இருக்கும் பையன் பன்னிரண்டு சவாரி போனால் அதிகம். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம். கூட்டிப் பார்த்தால் அரை மணி நேர ஆட்டத்துக்கு ஏழு மணி நேர நிற்றல். அந்த ஏழு மணி நேரத்தில் அவனுக்கு வரிசையில் அரட்டைக்கு ஆளிருக்கும். பெஞ்சில் இருப்பவருக்கு யார்? அதனால்தான் நல்ல பூங்காவின் அடையாளம் அதன் மிக உயரமான சவாரி இல்லை என்கிறேன். நிழலில் பெஞ்சு, பக்கத்தில் கழிப்பறை, உட்கார்ந்த இடத்திலிருந்து சவாரியின் இறங்கும் வாசல் தெரிவது, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர்ப் பூங்காக்களில் இந்தப் பிரிவினை இன்னும் கடுமை. நிக்கோ பார்க்கிலேயே வெட்-ஓ-வைல்ட் என்று தண்ணீர்ப் பகுதி இருக்கிறது. ராஜர்ஹாட் பக்கம் அக்வாட்டிகா. ஏப்ரல், மே மாதங்களில் உடம்பு பிசுபிசுக்கும் ஊரில் இவற்றுக்குக் கூட்டம் சேர்வதில் ஆச்சரியமில்லை. ஆனால் எந்தத் தண்ணீர்ப் பூங்காவிலும் பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள். நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், சேலை வழுக்குக் குழாயில் சிக்கும் என்பது நியாயமான காரணம்தான். விளைவு என்னவென்றால், நைலான் உடுப்புக்கு மனம் ஒப்பாத நம் வீட்டுப் பெண்கள் மொத்தமாகக் கரையேற்றப்படுகிறார்கள். ஒருமுறை என் மாமியாரை ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். எந்த ஊர், எந்தப் பூங்கா என்பது இங்கே வேண்டாம். வாசலிலேயே புளியோதரைப் பொட்டலத்தை வாங்கி வைத்துவிட்டார்கள், வெளிச் சாப்பாடு கூடாது என்று. "தண்ணியிலயும் இறங்கக்கூடாது, சாப்பிடவும் கூடாதுன்னா என்னை எதுக்குடா டிக்கெட் வாங்கிக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று அவர் கேட்டதற்கு என் கணவரிடம் பதில் இல்லை. ஏறாதவருக்கும் முழுக் கட்டணம் என்பது இந்தத் தொழிலின் பொது வழக்கம். டிக்கெட் எடுக்குமுன் 'பார்வையாளர் கட்டணம்' என்று தனியாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்த இடத்தில்தான் சயின்ஸ் சிட்டி முந்திக்கொள்கிறது. தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தின் தலைமை இயக்குநராக இருந்த சரோஜ் கோஷின் கனவு அது. 1997 ஜூலை 1 அன்று அப்போதைய பிரதமர் ஐ. கே. குஜ்ரால் திறந்து வைத்தார். சுமார் 50 ஏக்கர். அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் மௌனம் என்று இருந்த நாட்டில், தொடு, திருகு, இழு, ஏறு என்று குழந்தைகளை அவிழ்த்துவிட்ட இடம் இது. சுருள் வடிவக் கட்டடத்தில் டைனமோஷன் கூடம், குவிமாட அரங்கு, கடல்சார் கூடம், நகரும் இருக்கையில் அமர்ந்து இருட்டில் டைனோசர்களுக்கு நடுவே உயிர்களின் பரிணாமத்தைக் கடந்துபோகும் சவாரி, தலைக்கு மேல் ரோப்வே. இங்கே ஏறுகிறவர், ஏறாதவர் என்ற கோடு அநேகமாக இல்லை. ஊசல் ஏன் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது என்று பேரன் தாத்தாவிடம் கேட்பதையும், ஓய்வுபெற்ற அந்த இயற்பியல் வாத்தியார் முகம் மலர்வதையும் நானே பார்த்திருக்கிறேன். வாசல் கட்டணம் குறைவு. உள்ளே ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனி டிக்கெட். வேண்டியதற்கு மட்டும் காசு கொடுக்கும் இந்த முறை எங்களைப் போல ஏறுகிறவரும் ஏறாதவரும் கலந்த குடும்பங்களுக்கு ஏற்றது. குறையும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வந்து நின்றால் கூச்சலில் ஒன்றும் காதில் விழாது. தொட்டுத் தொட்டுத் தேய்ந்த சில பொத்தான்கள் வேலை செய்யாது. அதிர்ச்சியும் வேகமும் தேடும் பதினைந்து வயதுக்காரன் இங்கே இரண்டு மணி நேரத்தில் கொட்டாவி விடுவான்.

சயின்ஸ் சிட்டிக்கு ஒரு மூத்த சகோதரர் இருப்பதை விருந்தாளிகள் அறிவதில்லை. குருசதய் சாலையில் 1959இல் தொடங்கிய பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம். அங்கே நிலத்தடியில் நிலக்கரிச் சுரங்கத்தின் மாதிரி ஒன்று உண்டு; லிஃப்டில் இறங்கி, சுரங்கப் பாதையில் நடந்து பார்க்கலாம். நெய்வேலியில் மாமா வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தைகள்கூட வாயைப் பிளந்துகொண்டு திரும்பியிருக்கிறார்கள். ஒரு முற்பகல் போதும்.

ஈகோ பார்க் வேறு ஜாதி. 2012 டிசம்பர் 29 அன்று மம்தா பானர்ஜி திறந்தார். மாநில அரசின் வீட்டு வசதி உள்கட்டமைப்புக் கழகமான ஹிட்கோ உருவாக்கியது. 480 ஏக்கர். அதில் 104 ஏக்கர் ஏரி. நிக்கோ பார்க்கைப் போலப் பன்னிரண்டு பூங்காக்களை உள்ளே அடக்கலாம். ஆகவே இங்கே பெஞ்சுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் காலுக்குத்தான். ரோஜாத் தோட்டம், மூங்கில், புல்வெளி, சைக்கிள், படகு, பொம்மை ரயில். பிரமிடு, தாஜ் மஹால், சீனப் பெருஞ்சுவர், ரோமின் கொலோசியம், பெட்ரா, ரியோவின் கிறிஸ்து சிலை, ஈஸ்டர் தீவின் மொவாய் என்று ஏழு உலக அதிசயங்களின் நகல்களும் ஒரு மூலையில் நிற்கின்றன. முதல் தடவை பார்த்தபோது முகம் சுளித்தேன். நிஜ தாஜ் மஹால் ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்க, நகல் எதற்கு? ஆனால் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்களைக் கொஞ்ச நேரம் கவனித்தேன். சுந்தரவனத்துப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். ஆக்ரா அவர்களுக்கு ஓர் இரவு ரயில் தூரம் இல்லை. அதற்குப் பிறகு சுளிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆலிப்பூர் விலங்குக் காட்சி சாலையை இந்தப் போட்டியில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். சேர்க்காவிட்டால் கொல்கத்தாக்காரர் கோபித்துக்கொள்வார். 1876இல் தொடங்கியது. குளிர்கால வெயிலில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு புலிக்கூண்டு முன் நிற்காத வங்காளிக் குழந்தைப் பருவம் கிடையாது. ராபர்ட் கிளைவ் வளர்த்ததாகச் சொல்லப்படும் அத்வைதா என்ற ராட்சத ஆமை 2006இல் இங்கேதான் இறந்தது; 250 வயது என்றார்கள்.

ஜோடிகளின் விஷயம் தனி. புதிதாகக் கல்யாணமான தம்பியும் அவன் மனைவியும் வந்தால் அவர்களை நிக்கோ பார்க்குக்கு அனுப்பமாட்டேன். குலுக்கும் சவாரியில் கூச்சலிடலாமே தவிரப் பேச முடியாது. வரிசையில் முன்னும் பின்னும் பள்ளிக் கூட்டம். ஜோடிகளுக்கு வேண்டியது வேடிக்கை இல்லை, இடம். கூட்டுக் குடும்பமும் இரண்டு அறை வீடும் நிறைந்த இந்த ஊரில் காதலர்கள் விக்டோரியா நினைவகத் தோட்டத்திலும் ரவீந்திர சரோவர் கரையிலும் வெயிலே இல்லாத நாளிலும் குடை விரித்து உட்கார்ந்திருப்பது பல தலைமுறை வழக்கம். ஈகோ பார்க் அதைப் புரிந்துகொண்ட பூங்கா. ஏரிக்கரையில் அது கட்டியிருக்கும் தங்கும் குடில்களுக்குப் பெயரே 'ஏகாந்தே'; தனிமையில் என்று பொருள். மாலை நான்குக்குப் போய், விளக்கேற்றிய பிறகு கிளம்பி, நியூ டவுன் சந்திப்புக்கு மேலே வளையமாகத் தொங்கும் விஸ்வ பாங்ளா வாயில் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வரலாம். செலவில்லாமல் வேண்டுமா? பிரின்செப் படித்துறைக்குப் போய், மாலை வெளிச்சத்தில் ஒரு நாட்டுப் படகு. பேரம் பேசி ஏறுங்கள். இரண்டாம் ஹூக்ளிப் பாலத்தின் அடியில் படகு போகும்போது படகோட்டி நதியைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அந்த நாகரிகத்துக்கு எந்தத் தீம் பார்க்கிலும் டிக்கெட் கிடைக்காது.

கொல்கத்தாக் குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வி: உள்ளூரிலா, வெளியூருக்கா? வங்காளிகளின் விடுமுறை அகராதியில் 'தீ-பு-தா' என்று ஒரு கேலிச் சொல் உண்டு. தீகா, புரி, தார்ஜிலிங், இந்த மூன்றைத் தவிர வேறெங்கும் போகமாட்டார்கள் என்பது குத்தல். 2024இல் வொண்டர்லா நிறுவனம் புவனேஸ்வரத்துக்கு அருகே கும்பார்பஸ்தாவில் பூங்கா திறந்த பிறகு, புரிக்கு ஒரு புதுக் கிளை முளைத்திருக்கிறது. ஹவுராவிலிருந்து 440 கிலோமீட்டர். பகல் ரயிலில் ஆறேழு மணி நேரம். பையன்கள் ஒரு நாள் வொண்டர்லாவில் ஆடட்டும். மறுநாள் பாட்டிக்கு ஜகந்நாதர். பை பார்ப்பவருக்கு நேர்ந்த கடனைத் தீர்க்கும் ஏற்பாடாக இதைத்தான் நான் உயர்த்திச் சொல்வேன். கொச்சியில் 2000த்தில் வீகாலேண்ட் என்று தொடங்கிய நிறுவனம் இது. ஒரே டிக்கெட், எல்லா சவாரியும் என்பது அவர்கள் முறை. ஏறுகிறவர்களுக்கு லாபம்.

இன்னும் பணமிருந்தால் சிங்கப்பூர். கொல்கத்தாவிலிருந்து நேரடி விமானம் உண்டு. செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் 2010 முதல் இயங்குகிறது. அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் டிஸ்னியும் யுனிவர்சலும் பல பத்தாண்டுகளாக மல்லுக்கு நிற்கின்றன; 2010இல் ஹாரி பாட்டர் உலகத்தைத் திறந்து யுனிவர்சல் தராசைச் சாய்த்தது. எது பெரிது என்ற சண்டை எனக்கு முக்கியமில்லை. அந்தப் பூங்காக்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கைக்குழந்தையோடு வரும் தம்பதியில் ஒருவர் சவாரி போய்த் திரும்பியதும், மற்றவர் மறுபடி வரிசையில் நிற்காமல் நேரே ஏறலாம். பெஞ்சு முறை மாறுகிறது, அவ்வளவுதான். இதற்கு ஒரு கோடி முதலீடு தேவையில்லை. வாசலில் நிற்கும் ஊழியரிடம் ஒரு சீட்டு போதும். நம் பூங்காக்கள் ராட்டினத்தை இறக்குமதி செய்வதற்கு முன்னால் இந்தச் சீட்டை இறக்குமதி செய்திருக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வி.ஜி.பி.யில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க முயன்று தோற்ற தலைமுறை நம்முடையது. தாம்பரத்தில் நவோதயா அப்பச்சனின் கிஷ்கிந்தா, மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். என்று ராட்டினத்துக்கு நமக்குக் குறைவில்லை. 2025 டிசம்பரில் திருப்போரூரிலும் வொண்டர்லா வந்துவிட்டது. ஆகவே இரும்புக் கோஸ்டரும் தண்ணீர்க் குழாயும் தேடி நீங்கள் கொல்கத்தா வர வேண்டியதில்லை. இங்கே மட்டும் கிடைப்பதைத் தேடுங்கள். மரத்துச் சைக்ளோன் அதில் ஒன்று. மற்றது ஹவுரா மைதானத்திலிருந்து கிளம்பும் மெட்ரோ. ஹூக்ளி ஆற்றின் அடியில் 520 மீட்டரைச் சுமார் 45 நொடியில் கடக்கும். 2025 ஆகஸ்டு முதல் அதே ரயில் நேராக சால்ட் லேக் ஐந்தாம் செக்டார் வரை போகிறது. அங்கிருந்து நிக்கோ பார்க் ஒரு ஆட்டோ தூரம். என் மாமியார் இந்தச் சவாரியில் மூன்று தடவை போயிருக்கிறார், பையை மடியில் வைத்துக்கொண்டே.

காசு விஷயம் சுருக்கமாக. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பொழுதுபோக்குப் பூங்கா டிக்கெட்டுக்கு 28 சதவீதம் போட்டார்கள். தொழில்காரர்கள் முறையிட்ட பிறகு 2018 ஜனவரியில் 18 சதவீதமாகக் குறைத்தார்கள். விலங்குக் காட்சி சாலைக்கும் அருங்காட்சியகத்துக்கும் வரி இல்லை. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை. ஐந்து பேர் குடும்பத்தில் மூன்று பேருக்கு மேல் சவாரி ஏறுவார்கள் என்றால் எல்லாம் சேர்ந்த டிக்கெட், இல்லாவிட்டால் தனித்தனி டிக்கெட். என் அனுபவத்தில் இந்தக் கணக்கு பொய்த்ததில்லை.

காலமும் பார்க்க வேண்டும். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை எல்லாப் பூங்காவும் நல்ல பூங்கா. ஏப்ரல், மேயில் மாலை திடீரென்று கால்பைசாகிப் புயல் கிளம்பினால் உயரச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் காலையிலேயே அவற்றை முடித்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அப்போது கூரை உள்ள சயின்ஸ் சிட்டிதான் கதி. பூஜை நாட்களில் எந்தப் பூங்காவும் வேண்டாம், பந்தல் போதும்.

என் தீர்ப்பு இதுதான். பாட்டியும் பத்து வயதுக்குட்பட்ட பேரக்குழந்தைகளுமாக வந்தால் சயின்ஸ் சிட்டி. பதின்ம வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்து, பையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மர நிழலும் ஒரு நாவலும் போதும் என்றால் நிக்கோ பார்க், அதுவும் வார நாளில். ஜோடியென்றால் மாலை ஈகோ பார்க் அல்லது பிரின்செப் படித்துறை. தண்ணீர்ப் பூங்கா, வீட்டில் எல்லோரும் நனையத் தயார் என்றால் மட்டும். கிளம்புமுன் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈகோ பார்க்குக்கும் விக்டோரியா நினைவகத்துக்கும் இந்திய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை, ஆலிப்பூருக்கு வியாழக்கிழமை.